கண்ணாடிக்கு அடியில் பாதி நுழைந்த படிவம்

என் நாற்காலிக்கு வரப்போகிறவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிளையில் சேரும் மற்ற இருவருக்கும்,

முதல் நாளே உங்களுக்கு ஒரு தடித்த கையேடு கொடுப்பார்கள். எந்தத் திரையில் எதை அழுத்த வேண்டும், எந்த முத்திரை எந்த மேசையில் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வாரத்தில் கற்றுவிடுவீர்கள். நான் அதைவிடச் சீக்கிரம் கற்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். ஆனால் இதைச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது.

முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி பணி அனுபவம் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கும் தெரியும். பென்ஷன் வாங்குகிறவர்கள் எழுத வேண்டியது இது. நான் வேலையை விட்டுவிட்டு மேலே படிக்கப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கவுன்டரிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதிவிட்டுப் போகிறேன். கையேட்டில் அந்த நாள் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் இந்த ஆயுள் காப்பீட்டுக் கிளையில் எனக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். பக்கத்துப் பணக் கவுன்டரில் இருக்கும் ரமேஷ் அண்ணா வைத்தது. "தாம்பரத்துலகூட நிக்காத எக்ஸ்பிரஸ்" என்பார். வந்தவர் டோக்கனை நீட்டுவதற்குள் படிவத்தை உள்ளே இழுத்து, முத்திரை குத்தி, அடுத்த எண்ணை அழுத்திவிடுவேன். ஆள் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தில் பாலிசி எண் எழுதியிருக்காது என்று ரமேஷ் அண்ணாவிடம் ஒருமுறை நக்கலாகச் சொல்லியும் இருக்கிறேன்.

நான் சொல்லும் நாள் ஒரு ஆடி மாதம். வருடா வருடம் நடக்கும் புதுப்பிப்பு முகாம் நடந்துகொண்டிருந்தது. தவணை கட்டாமல் காலாவதியான பாலிசிகளை, வட்டியில் சலுகை கொடுத்து மறுபடி உயிர்ப்பிக்கிற முகாம். வாசலில் பேனர், உள்ளே வெள்ளைப் பலகை. பலகையில் ஒவ்வொரு கவுன்டரும் எத்தனை பாலிசி புதுப்பித்தது என்று எழுதிப் போடுவார்கள். நான்தான் முன்னால் இருந்தேன். அந்தப் பலகையைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும் என்பதால் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கஜேந்திரன் சார் வந்தார். நீங்களும் அவரைப் பார்ப்பீர்கள். கிளையின் பெரிய ஏஜென்ட்டுகளில் ஒருவர். மேலாளர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போகக்கூடியவர். கூட ஒரு இளைஞர், ஏறக்குறைய என் வயது. கழுத்தில் சிறுசேரி மென்பொருள் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை, தலையில் தொப்பி.

"எக்ஸ்பிரஸ், நம்ம கேஸ் ஒன்னும்மா," என்றார் கஜேந்திரன். "எங்க அக்கா வூட்டுக்காரர் பாலிசி. ஏகாம்பரம்னு பேரு. இவன் அவர் பையன், தினேஷ். லேப்ஸ் ஆயிடுச்சு. வட்டியோட மொத்தமா கட்டிடுறோம். உன் போர்டுல ஒன்னு ஏத்திக்கோ."

எண்ணைத் தட்டினேன். பழைய பாலிசி, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியது. போன வருட ஆடியில் ஒரு தவணை விட்டுப்போய், அதன் பிறகு எதுவுமே கட்டப்படவில்லை. வாரிசாக மனைவி வசந்தா பெயர். இவ்வளவு காலம் கழித்துப் புதுப்பிப்பதென்றால் பணம் மட்டும் போதாது. பாலிசிதாரர் தன் உடல்நிலை நன்றாக இருக்கிறது என்று கையெழுத்திட்டு ஒரு உறுதிமொழி தர வேண்டும். அந்தப் படிவத்தைத்தான் தினேஷ் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் நீட்டினார்.

நான் வழக்கம்போல இழுத்தேன். வரவில்லை.

மறுபடி இழுத்தேன். அந்தப் பக்கம் அவருடைய விரல்கள் படிவத்தை விடவில்லை. பாதி என் பக்கம், பாதி அவர் பக்கம். அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

தொப்பிக்குக் கீழே மொட்டைத் தலையில் முடி துளிர்த்திருந்தது. நம் ஊரில் மொட்டையைப் பார்த்தால் வாய் தானாகக் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. நானும் கேட்டேன்.

"திருப்பதியா சார்?"

அவர் தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டார். கஜேந்திரன் சொன்னார். "ஆமாம்மா, திருப்பதிதான். குடும்பத்தோட போயிட்டு வந்தோம். நீ சீலைக் குத்து."

சாதாரணமாக இருந்தால் குத்தியிருப்பேன். ஆனால் தினேஷின் மேலுதட்டில் ஒரு பட்டை மட்டும் மற்ற முகத்தைவிட வெளுத்திருந்தது. வருடக்கணக்காக வெயில் படாமல் மீசைக்கு அடியில் இருந்த தோல். அதன்மேல் புதிதாக ஊசி ஊசியாக மயிர் கிளம்பிக்கொண்டிருந்தது.

வேண்டுதலுக்கு முடி கொடுக்கிற நம்மவர்கள் பலர் மீசையை விட்டுவிடுவார்கள். மீசையையும் சேர்த்து மழிப்பது பெற்றவர்களுக்குக் கொள்ளி வைக்கும்போது. உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சாமிக்கு மீசையையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஆகவே அது சாட்சியே அல்ல. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். முத்திரை என் வலது கையில் இருந்தது. சந்தேகம் வந்த பிறகு அது கனத்தது.

இனி நான் சொல்லப்போவது சில நொடிகளில் மனதில் ஓடியது. எழுதினால் நீளமாகத் தெரியும்.

ஏகாம்பரம் இறந்திருந்தால், அந்த உறுதிமொழியில் இருப்பது செத்தவர் போட்ட கையெழுத்து. முத்திரை விழுந்த நொடியில் அது நம் கோப்பில் ஏறிவிடும். பணத்தைக் கட்டுவார்கள், பாலிசி உயிர் பெறும், சில வாரம் கழித்து மரணத்தைச் சொல்லி இழப்பீடு கேட்பார்கள். புதுப்பித்த சூட்டோடு வரும் எந்த இறப்புக் கோரிக்கையும் விசாரணைக்குப் போகும். விசாரணைக்காரருக்கு இதில் வேலையே இல்லை. திரையில் இருக்கும் முகவரிப்படி பெருங்களத்தூரில் அவர்கள் தெருமுனைக்குப் போனால் போதும். கண்ணீர் அஞ்சலி பேனரில் படமும் தேதியும் ஆளுயரத்துக்குத் தொங்கும். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது. மகன் மேல் வழக்கு வந்தாலும் வரும்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் பொய்யே சொல்லத் தேவை இல்லாமல் இருக்கலாம். இந்த வகைப் பழைய பாலிசிகளில் ஒரு சலுகை உண்டு. பல வருடம் ஒழுங்காகக் கட்டியவர், முதன்முதலாக ஒரு தவணை தவறி ஒரு வருடத்துக்குள் இறந்துவிட்டால், பாலிசி காலாவதியாகியிருந்தாலும் நிலுவையைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையையும் நிறுவனம் தரும். எல்லாப் பாலிசிக்கும் இது பொருந்தாது. அந்தந்தப் பாலிசியின் நிபந்தனையைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். ஆனால் ஏகாம்பரத்தின் பாலிசிக்கு இருந்தது.

சிக்கல் அந்த ஒரு வருடம். போன ஆடியில் தவறியது, இது இந்த ஆடி. கெடு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் எப்போது இறந்தார்? தினேஷின் தலையில் முளைத்திருந்த முடியின் நீளத்தை வைத்து நான் நாள் கணக்குப் போட்டேன். சிரிக்காதீர்கள். வேறு வழி இல்லை. அந்த முடி, அவர் இறந்த நாள் ஒரு வருடக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம் என்கிற நீளத்தில் இருந்தது.

அதாவது, அவர் உண்மையைச் சொன்னால் பணம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. கெடு தாண்டியிருந்தால், சொன்னதாலேயே பெரும்பகுதி போகவும் வாய்ப்பு இருந்தது. பொய் சொன்னால் எல்லாம் போகும் என்பது மட்டும் நிச்சயம். "ஒரு சலுகை இருக்கு, தேதியைச் சொல்லுங்க" என்று நானே ஆரம்பிக்கவும் முடியாது. தேதிக்கு விலை இருக்கிறது என்று கஜேந்திரனுக்குத் தெரிந்தால், அடுத்து தேதியிலும் ஒரு பொய் வரும்.

முத்திரையை மைப்பெட்டியில் வைத்தேன். படிவத்தின் என் பக்க நுனியை விட்டேன்.

"சார்," என்று தினேஷைப் பார்த்துச் சொன்னேன், "இதுல அப்பா கையெழுத்து இருக்கு. அவரே போட்டாரா? நான் ஒரு தடவைதான் கேப்பேன். ஆமான்னு நீங்க சொன்னா வாங்கிக்கிறேன். யோசிச்சுட்டுச் சொல்லுங்க. யோசிக்கிற வரைக்கும் இது உங்க பேப்பர், என் பேப்பர் இல்ல."

"அவர்தாம்மா போட்டார்," என்றார் கஜேந்திரன்.

"உங்களைக் கேக்கல சார்."

"நான் எத்தன வருஷமா இந்தக் கிளைக்கு பிசினஸ் குடுக்கறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அவரைத்தான் கேட்டேன்."

வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. அடுத்த டோக்கன்காரர் முடிச்சூர் ஆள். நிலத்தை விற்ற காசில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். வெள்ளைச் சட்டைப் பையில் கட்டுக் கட்டாக ரசீது வைத்திருந்தார்.

"இன்னாம்மா, வண்டி நவுரவே மாட்டுது," என்றார். "எக்ஸ்பிரஸ்னு சொன்னாங்க, கூட்ஸ் மாரி நின்னுகினு கீது. காலைலேர்ந்து குந்திகினு கீறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. வேகமான ஆளை மெதுவான ஆள் என்று சொன்னால் எவ்வளவு உறைக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கஜேந்திரன் நேராக உள்ளே போய் மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நம் மேலாளர் கெட்டவர் இல்லை. முகாம் நடக்கும் வாரத்தில் எந்த மேலாளருக்கும் இருக்கும் பதற்றம் அவருக்கும் இருந்தது.

"என்னம்மா, என்ன பிரச்சனை?"

அந்த இடத்தில் நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: ஆள் இறந்திருக்கலாம். ஆனால் நாற்பது பேர் முன்னால் மேலாளர் காதில் அது விழுந்துவிட்டால், அது சந்தேகமாக நிற்காது, புகாராகிவிடும். நான் நினைத்தது தப்பாக இருந்தால் உயிரோடு இருக்கும் ஒருவரைக் கொன்ற மாதிரி. சரியாக இருந்தால், மகன் தானாகத் திரும்பி வரும் வழியை நானே அடைத்த மாதிரி.

"பிரச்சனை இல்ல சார்," என்றேன். "இந்த சார்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கேன். பதில் வந்ததும் முடிச்சிடுவேன்."

"என்ன கேள்வி?"

"ஃபார்ம் சம்பந்தமா சார்."

மேலாளர் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "சீக்கிரம்மா," என்றார். ஆனால் உள்ளே போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

தினேஷ் வாயைத் திறந்தார். அவர் 'ஆமாம்' என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உதடு அந்த வடிவத்துக்கு வந்தும்விட்டது. அப்போது கவுன்டர் பலகைமேல் அவர் வைத்திருந்த கைபேசி அதிர ஆரம்பித்தது. திரை மேலே பார்த்தபடி இருந்தது. எனக்கும் தெரிந்தது, கஜேந்திரனுக்கும் தெரிந்தது.

அப்பா, என்று இருந்தது. மேலே ஒரு படம். சட்டை போடாமல், தோளில் துண்டோடு, பல் தெரியச் சிரிக்கும் ஒருவர்.

"பாத்தியாம்மா," என்றார் கஜேந்திரன். அவர் குரலே உயர்ந்துவிட்டது. "பேச்சை எடுத்தோம், ஆளே கூப்பிடுறார். இன்னும் என்ன சாட்சி வேணும் உனக்கு?"

ஒரு மீசையை வைத்து இவ்வளவு தூரம் கட்டிவிட்டேனே என்று நினைத்தேன். பின்னால் மேலாளர் பெருமூச்சு விட்டது கேட்டது. முத்திரையை எடுக்கக் கை போனது.

போன் அதிர்ந்துகொண்டே பலகை நுனிவரை நகர்ந்தது. தினேஷ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விழப்போகும்போது பிடித்தார். காதில் வைத்தார்.

"சொல்லும்மா," என்றார்.

கஜேந்திரன் முகம் அப்படியே நின்றது.

"சாப்டல இன்னும்... இல்லம்மா, ஆபீஸ்ல இல்ல. தாம்பரத்துல இருக்கேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல." மறுமுனையில் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார். மறைக்கத் தெம்பு இல்லாதவர் பேசுவதுபோல. "அப்பா பாலிசிக்குத்தாம்மா. அது லேப்ஸ் ஆயிடுச்சு. அப்பா தப்பு இல்லம்மா. நான் ஆன்லைன்ல கட்டறேன்னு சொல்லிட்டுக் கட்டல. அவர் மெசேஜ் வர்றப்பல்லாம் எனக்கு அனுப்பிட்டுத்தான் இருந்தார். நான்தான் கட்டல."

முடிச்சூர்க்காரர் தொண்டையைச் செருமினார்.

"வீட்டுக்கு வந்து பேசறேன்மா," என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு கண்ணாடிக்குக் கீழே பாதி நுழைந்திருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்பா போட்டது இல்ல மேடம். நான் போட்டேன். அப்பா தவறிட்டார்."

எத்தனையோ முறை எனக்குள் இதைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அப்போது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், உடனே எதுவும் சொல்லாமல் இருந்தது. 'நல்லவேளை சொன்னீங்க' என்றுகூடச் சொல்லவில்லை. நல்லவேளையா என்று இன்னும் தெரியவில்லையே.

"டெத் சர்டிஃபிகேட் இருக்கா?"

கைபேசியில் படம் இருந்தது. கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். நான் தேதியைப் படித்தேன், திரையில் முதல் தவறிய தவணையின் தேதியைப் படித்தேன், மறுபடி சான்றிதழைப் படித்தேன். எளிமையான கழித்தல். பள்ளிக்கூடப் பிள்ளை போடும். எனக்கு மூன்று முறை பார்க்க வேண்டியிருந்தது. பின்னால் நின்ற மேலாளர் குனிந்து என் தோளுக்கு மேலே பார்த்தார். அவர் உதடும் அசைந்தது.

கோட்டுக்கு இந்தப் பக்கம். மயிரிழையில்தான், ஆனால் இந்தப் பக்கம்.

"சார், இப்ப ஒரு பைசா கட்டாதீங்க," என்றேன். "இங்க மட்டுமில்ல, போன்லயும் கட்டாதீங்க. யார் சொன்னாலும் கட்டாதீங்க. இந்தப் புதுப்பிக்கிற ஃபார்ம் வேண்டாம். அம்மாவை கிளைம் ஃபார்ம்ல கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நடந்தது நடந்தபடி எழுதுங்க. உங்க பாலிசிக்கு ஒரு சலுகை இருக்கு. கெடுவுக்குள்ளதான் வருது. ஆனா முடிவு மேல எடுப்பாங்க, அதனால நான் கிடைச்சிடும்னு சொல்ல மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். புரிந்துதான் ஆட்டினாரா தெரியாது. கஜேந்திரனுக்குப் புரிந்துவிட்டது. காத்திருப்போர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சற்று முன்னால் என்னை மிரட்டிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"எனக்கு இது தெரியாதேம்மா," என்றார். "லேப்ஸ் ஆனா ஒன்னும் இல்லன்னுதான் நெனச்சேன். கட்ட வேண்டிய பணத்தைத்தானே லேட்டா கட்டறோம், யாருக்கு நஷ்டம்னு நெனச்சேன். எங்க அக்கா நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னுதான்... இத்தன வருஷம் பாலிசி போட்டிருக்கேன். செத்தவங்க பக்கம் நான் வந்ததே இல்ல."

அவர்மேல் எனக்கு அன்று இருந்த கோபம் அந்தக் கடைசி வாக்கியத்தில் பாதி போயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. விற்கிறவர் சாவின் பக்கமும் ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் முடிச்சூர்க்காரரைப் பார்த்து, "வாங்க சார், லேட் ஆயிடுச்சு" என்றேன்.

"நீ அந்தப் புள்ளைக்கு ஃபார்ம் எடுத்துக் குடுத்துட்டு வாம்மா," என்றார். "எனக்கு இன்னா அவசரம். குந்திகினுதான் கீறேன்."

உங்களில் யாராவது ஒருவர், அநேகமாக மூவரில் மிகச் சுறுசுறுப்பானவர், இந்த இடத்தில் கை தூக்குவீர்கள். போலிக் கையெழுத்து என்று தெரிந்தும் ஏன் புகார் எழுதிக் கொடுக்கவில்லை? சரியான கேள்வி. எனக்கும் அது உறுத்தியது. அன்று சாயங்காலம் நானே மேலாளர் அறைக்குப் போய் நின்றேன். எனக்கு எப்போது சந்தேகம் வந்தது, ஏன் வாய் திறக்கவில்லை, எல்லாம் சொன்னேன்.

அவர் கேட்டார், "ஃபார்ம் உன் கைக்கு வந்துச்சா?"

"பாதி வந்துச்சு சார்."

"சீல் போட்டியா?"

"இல்ல சார்."

"பாதி வந்தது இன்வர்ட் இல்ல, நம்ம பதிவுல ஏறல. நேர்மையா அவரே எடுத்துகிட்டாரு. நானும் அங்கதான நின்னேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "அவர் ஆமான்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வாங்கிட்டு, உங்ககிட்ட வந்து சந்தேகத்தை எழுதிக் குடுத்திருப்பேன் சார்."

"குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்."

"அப்ப சரி. போ. போர்டுல உன் கவுன்டருக்கு ஒன்னு குறைஞ்சுடுச்சு, பாத்துக்கோ."

எழுதிக் கொடுத்திருப்பேன் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் போன் அதிர்ந்தபோது என் கை முத்திரைப் பக்கம் போனதை நான் மறக்கவில்லை. நீங்களும் உங்கள் கையைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டிருங்கள். மூளை முடிவெடுப்பதற்கு முன்னால் அது எங்கேயோ கிளம்பிவிடுகிறது.

கோரிக்கை மேலே போனது. கோட்ட அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது, தினேஷ் பதில் எழுதினார். மறுபடி ஒரு கேள்வி. நான் தினமும் அந்தப் பாலிசி எண்ணைத் தட்டிப் பார்த்தேன். நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லைதான். ஆனாலும் ஒருவரை உண்மை சொல்ல வைத்துவிட்டால், அதற்கு நாமும் ஜாமீன் நின்ற மாதிரி ஆகிவிடுகிறது. கார்த்திகை தீபம் கழிந்து ஒருநாள் திரையில் பார்த்தேன். அனுமதிக்கப்பட்டது என்று இருந்தது. ரமேஷ் அண்ணாவிடம் காட்டினேன். "எக்ஸ்பிரஸ் தாம்பரத்துல நின்னுடுச்சு போல," என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டு எண்ணப் போய்விட்டார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு அம்மா வந்தார். டோக்கன் எடுக்கவில்லை. என் கவுன்டர் காலியாகும்வரை ஓரமாக நின்றிருந்தார்.

"நான் வசந்தா. தினேஷ் அம்மா. பெருங்களத்தூர்."

எழுந்து வெளியே போனேன். காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தோம். கையில் பழைய கைபேசி ஒன்று வைத்திருந்தார், முனையில் ரப்பர் பேண்ட் போட்டு.

"இது அவர் போன்தாம்மா," என்றார். "என்னுது உடைஞ்சு போச்சு. இதையே வெச்சுகிட்டேன். அன்னிக்கு நான் கூப்ட்டப்ப அவன் உன் முன்னாடிதான் நின்னுட்டு இருந்தானாமே."

"ஆமாம்மா."

"காலைல என் தம்பி வந்து அவனைத் தனியா கூட்டிட்டுப் போனப்பவே எனக்குப் புரிஞ்சுது, என்னமோ பண்ணப் போறாங்கன்னு. பாலிசி விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்மா. அவர் போனதுக்கப்புறம் இதைத் திறந்தா எல்லாம் இதுலதான் இருக்கு. தவணை கட்டுங்கன்னு கம்பெனி மெசேஜ் வரும். அதை இவர் பையனுக்கு அனுப்பிட்டு, கீழ ஒரு கும்பிடு போட்டிருப்பார். பெத்த புள்ளைக்குக் கும்பிடு. அவன் ஒரு கட்டைவிரல் போட்டிருப்பான். மறுபடி மெசேஜ், மறுபடி கும்பிடு, மறுபடி கட்டைவிரல்."

"உங்க பையன்கிட்ட நீங்க கேக்கலையா?"

"நான் கேட்டா அவன் செத்துடுவான்மா. அவனா சொல்லட்டும்னுதான் இருந்தேன். அன்னிக்குச் சாப்டியான்னு கேக்கத்தான் கூப்ட்டேன். சொல்லிட்டான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அவனுக்கு இன்னும் தெரியாது. நீயும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

"பணம் வந்துச்சுன்னு கம்பெனி மெசேஜ் அனுப்பிச்சு பாரு, அதுவும் இந்த போனுக்குத்தான் வந்துது. அவர் நம்பர்தானே உங்ககிட்ட இருக்கு. அதைப் பையனுக்கு அனுப்பிட்டேன். அவர் பண்ற மாதிரியே, கீழ ஒரு கும்பிடு போட்டு."

"உங்க பையன் என்ன பண்ணார்?"

வசந்தா அம்மா கைபேசியின் ரப்பர் பேண்டை விரலால் சரிசெய்தார்.

"கட்டைவிரல் போடலம்மா," என்றார். "போன் பண்ணான்."